11 வருடங்களுக்குப் பிறகு மறுபடியும் மோட்டார்

போன மாதம் நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தபோது, “நான் மறுபடியும் மோட்டார் ஓட்டப் போகிறேன்” என்று சொன்னேன். அன்று புலனத்தில் வந்து குவிந்த குரல் பதிவுகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஆண்கள் பெரும்பாலும், “எந்த மோட்டார் வாங்கப் போறீங்க?” என்று கேட்டார்கள். பெண்கள், “வீட்ல விட்டாங்களா?” என்று கேட்டார்கள். இரண்டுக்கும் இந்த வாரம் பதில் சொல்கிறேன். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் முதல் கேள்விக்கு வழி கிடைக்கும்.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அப்பாவின் பழைய ஈஎக்ஸ்5 தான் எனக்குக் கால். பிறகு வேலை கிடைத்தது, கார் வந்தது, கல்யாணம், மகள் என்று மோட்டார் சாவியைத் தொட்டே 11 வருடம் ஆகிவிட்டது. இப்போது வீடு கிள்ளானில். வானொலி நிலையம் பெட்டாலிங் ஜெயாவில். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருப்பது ஒரே கார். மகள் இந்த வருடம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்த ஒரு காரை இரண்டு பேரும் பங்கு போட முடியவில்லை. இரண்டாவது கார் என்றால் மாதத் தவணை, காப்புறுதி, டோல், பார்க்கிங். ஓர் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாமியாரின் மருந்துச் செலவும் மகளின் டியூஷனும் போன பிறகு காருக்கு இடமில்லை. மோட்டாருக்கு இருந்தது.

கணவர் சரி என்றார். அம்மா மூன்று நாள் பேசவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அம்மாவின் தம்பி, என் மாமா, இரவு ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்தவர். அவருக்கு அப்போது வயது 26. இந்நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் 10-க்கு 6 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதைச் செய்தியில் பல முறை வாசித்திருக்கிறேன். அம்மாவுக்கு அந்த எண்ணிக்கை தேவையில்லை. அவருக்குத் தம்பியின் முகம் போதும்.

நான்காம் நாள் அம்மா சொன்னது இது: “வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா வாங்கிக்கம்மா. ஆனா, உன்னால பிடிச்சு நிறுத்த முடியாத மோட்டாரை மட்டும் வாங்காதே.”

எத்தனையோ மோட்டார் விமர்சனங்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான அளவுகோலை யாரும் சொன்னதில்லை.

முதலில் லைசென்ஸ்

மோட்டார் கடைக்குப் போவதற்கு முன் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். நம்மில் பலரிடம் இருப்பது பி2. அதில் 250 சிசி வரைதான் ஓட்டலாம். 500 சிசி வரை ஓட்ட பி1, அதற்கு மேல் பி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், திரும்பவும் மோட்டார் வாங்க நினைக்கும் நம்மவர் பலரின் கனவு ராயல் என்ஃபீல்டு. சென்னையில் தயாராகும் வண்டி, அந்தச் சத்தம், அந்தத் தோற்றம், நம் படங்களில் கதாநாயகன் வந்திறங்கும் விதம், எல்லாம் சேர்ந்த ஆசை அது. ஆனால் அது 350 சிசி. பி2 வைத்திருப்பவர் அதை ஓட்ட முடியாது.

காருக்கும் மோட்டாருக்கும் சேர்த்து லைசென்ஸ் எடுத்து, அதை ஒழுங்காகப் புதுப்பித்து வந்தவர்களுக்கு, மோட்டாரைத் தொடாமல் இருந்தாலும் பி2 உயிரோடு இருக்கும். காலாவதியாகி மூன்று வருடம் தாண்டிவிட்டால் புதுப்பிக்க முடியாது. மறுபடியும் தேர்வுக்குப் போக வேண்டும்.

கிலோ கணக்கு

அதே ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. நம் ஊர் கப்சாய் ஒன்றின் எடை 100 கிலோவை ஒட்டி இருக்கும். யமாஹா ஒய்15 சுமார் 117 கிலோ. என்மேக்ஸ் ஸ்கூட்டர் 130 கிலோவை ஒட்டி. ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சக்கரம் சுழலும்போது கனமான வண்டியும் தானாக நிமிர்ந்து நிற்கும். வித்தியாசம் தெரிவது நிற்கும்போதும், நிற்கப் போகும்போதும்தான். டோல் சாவடி ஓரம், மாமாக் கடை முன்னால் மண் சரிவு, அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தின் ஏற்றம் போன்ற இடங்களில் வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் 100 கிலோவை ஒரு காலால் தாங்கி நிமிர்த்தலாம். 195 கிலோவைத் தாங்க வேண்டுமானால் பழக்கம் வேண்டும். பல வருடம் விட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு முதலில் காணாமல் போயிருப்பது அந்தப் பழக்கம்தான்.

இருக்கையின் உயரத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். என்மேக்ஸின் இருக்கை 765 மில்லிமீட்டர், ஒய்15-இன் இருக்கை 780. காகிதத்தில் என்மேக்ஸ்தான் தாழ்வு. ஆனால் அதன் இருக்கை அகலம். என்னைப் போல் ஐந்தடி இரண்டங்குலக்காரி உட்கார்ந்தால் கால் இரண்டு பக்கமும் விரிந்து, நுனி விரல்தான் தரையில் படும்.

அதனால் கடையில் இந்த மூன்றையும் செய்து பாருங்கள். வழக்கமாகப் போடும் காலணியோடு உட்கார்ந்து, இரண்டு முன்பாதமும் தரையில் அழுந்துகிறதா என்று பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளி ஒரு முழு வட்டம் திருப்புங்கள். நடு ஸ்டாண்டு இருந்தால் அதை நீங்களே போட்டு எடுங்கள். நான் போன கடையின் சீன முதலாளி, “லாமா தக் பாவா கா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாம் என்றேன். அவரே வேறு இரண்டு வண்டிகளையும் வெளியே தள்ளி வைத்து, எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்.

எடை குறைந்த வண்டியிலும் சங்கடம் உண்டு. நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒட்டிக் கடந்து போனால் காற்றில் கப்சாய் ஆடும். பின்னால் ஒருவர் ஏறிவிட்டால், மொத்த எடையில் அவர் பங்கு அதிகம் என்பதால் வண்டியின் குணமே மாறிவிடும். நிற்க அதிகத் தூரம் பிடிக்கும். எடை குறைவு என்றால் மெதுவாகப் போகும் என்றும் அர்த்தமில்லை. ஒய்15 போன்ற 150 சிசி வண்டிகள் இலகுவாக இருப்பதாலேயே சீறிப் பாயும்.

கப்சாயா, ஸ்கூட்டரா?

மோட்டார் பட்டறை வைத்திருக்கும் எங்கள் தாமான் அண்ணன் ஒருவரிடம் போய் இதைக் கேட்டேன். அவர் பதில் கேள்வி கேட்டார்: “தங்கச்சி, இத்தனை வருஷம் கார் ஓட்டினீங்களே, பயந்தா எந்தக் கால் தானா அழுத்தும்?”

வலது கால்.

கப்சாயில் பின் பிரேக் வலது காலில் இருக்கிறது. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில். கார் பழகிய கால், ஆபத்து நேரத்தில் தானாக அழுத்தும். ஸ்கூட்டரில் அது வெறும் தகரத்தை மிதிக்கும். கப்சாயில் பிரேக்கைத்தான் மிதிக்கும், ஆனால் அதிலும் சிக்கல் உண்டு. திடீரென்று நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிப் போகிறது. அப்போது ரோட்டை இறுகப் பிடிப்பது முன் சக்கரம்தான். பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். எந்த வண்டி வாங்கினாலும், முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்கிப் பிடிக்கக் கைக்கு மறுபடியும் கற்றுத் தர வேண்டும் என்றார் அண்ணன்.

ஸ்கூட்டரின் வசதியை மறுக்க முடியாது. கியர் இல்லை, இருக்கைக்கு அடியில் சாமான் வைக்க இடம் இருக்கிறது. ஆனால் பல ஸ்கூட்டர்களின் சக்கரம் 13, 14 அங்குலம்தான். கப்சாயின் சக்கரம் 17 அங்குலம். நம் சாலைக் குழிகளில் பெரிய சக்கரம் விழுந்தாலும் எழுந்து போகும். கப்சாயில் கியர் உண்டு, கிளட்ச் பிடி கிடையாது. கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியின் வேகத்தைக் குறைக்க உதவும். ஒய்15-இல் கிளட்ச் பிடி உண்டு. தினமும் நெரிசலில் போய்வந்தால் இடது கை அதை உணரும்.

ஏபிஎஸ் பிரேக் பற்றியும் நினைத்துப் பார்த்தேன். பெரிய வண்டிகளில் அது கிடைக்கும். 110 சிசி கப்சாய்களில் எதிர்பார்க்க முடியாது. ஈஎக்ஸ்5-இல் இன்றும் முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக்தான். அப்பாவின் வண்டி என்ற பாசம் எனக்கு அதன் மேல் நிறைய உண்டு. ஆனால் ஈர ரோட்டில் நிற்க வேண்டியது நான். அதனால் முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள ஹோண்டா வேவ் ஆல்பாவைத் தேர்ந்தெடுத்தேன். நான் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்குத் தனிப் பாதை இருப்பதால் 110 சிசி எனக்குப் போதும். தினமும் லாரிகளோடு கலந்து வெகு தூரம் போகிறவர் என்றால், 150 சிசி பக்கம் போங்கள் என்றுதான் சொல்வேன்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

புதியது வாங்க முடியாதவர்கள் பழையதை வாங்குவதில் தப்பில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது என்று அர்த்தம். பள்ளம் தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போய் மழையில் வழுக்கும். சங்கிலி தொங்குகிறதா, ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் தடுக்குகிறதா, முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கார்டில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். மாடிப்படிக்கு அடியில் பல வருடமாகத் தூங்கும் உங்கள் சொந்த மோட்டாருக்கும் இதே சோதனைதான். கூடவே பேட்டரி, பிரேக், பெட்ரோல் குழாய்.

பழைய ஹெல்மெட்டைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் நுரை வருடங்களில் கெட்டுப்போகும். சிரிம் முத்திரையுள்ள புதியதை, தலையில் போட்டு ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். வண்டியில் மிச்சம் பிடிக்கும் காசில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டு விதிகள்

வண்டி வந்து இரண்டு வாரம் தாமானை விட்டு வெளியே போகவில்லை. ஞாயிறு காலையில் பாசார் பக்கத்துத் திடலில் எட்டுப் போட்டேன். மெதுவாகத் திரும்பினேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தினேன். ஐம்பது தடவையாவது இருக்கும். முதல் நாள் மணிக்கட்டு வலித்தது. நான்காவது ஞாயிறு அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மட்டும், “முன்னாடி பிரேக்கைத்தானே பிடிச்சே?” என்று கேட்டார்.

வீட்டில் மூன்று விதி போட்டிருக்கிறோம். மகள் என் பின்னால் ஏற மாட்டாள். அவள் பள்ளிக்கூடம் போவது காரில்தான். மழை பிடித்தால் மேம்பாலத்துக்கு அடியில் சாலையோரம் நிற்க மாட்டேன். மோட்டாருக்கென்று கட்டிய கூடாரத்திலோ பெட்ரோல் நிலையத்திலோ ஒதுங்குவேன். மழையின் முதல் சில நிமிடங்கள்தான் ரோட்டில் எண்ணெய் மிதக்கும் நேரம். வெள்ளைக் கோடும் இரும்பு இணைப்புகளும் அப்போது சோப்பு மாதிரி. இரவு ஒன்பது மணிக்கு மேல் வேலை முடிந்தால் மோட்டாரை நிலையத்திலேயே விட்டுவிட்டு வேறு வழியில் வீட்டுக்கு வருவேன். தனிப் பாதையில் இருட்டான இடங்கள் உண்டு என்பது பெண்களுக்குத் தெரியும்.

இந்த விதிகளால் சில நாள் தாமதமாகும், சில நாள் செலவாகும். அதையும் சேர்த்தே கணக்குப் போட்டோம். அப்போதும் இரண்டாவது காரைவிடக் குறைவாகத்தான் வருகிறது.

நீங்களும் பல வருடம் கழித்துத் திரும்பும் எண்ணத்தில் இருந்தால், இந்த ஞாயிறு கடைக்குப் போய் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் யார் பயப்படுகிறார்களோ அவரையும் கூட்டிப் போங்கள். அவர் கேட்கும் கேள்விகளைத் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கடைக்காரரிடம் பதில் வாங்குங்கள். அடுத்த வாரம் சந்திப்போம். ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டீர்களா?