வணிகமும் துலாக்கோலும்

பொருநை பாயும் நெல்லைச் சீமை பண்டுதொட்டே வணிகத்தால் வளர்ந்த மண். கொற்கையின் முத்தும், காயல் துறையில் வந்திறங்கிய அரபுக் குதிரைகளும் வரலாறு அறிந்த செய்திகள். இன்றும் நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் கடல் கடந்து வரும் பொருளால்தான் அடுப்பு எரிகிறது. கடல் கடந்தும் பொருள் தேடச் சொன்ன தமிழ், அப்பொருள் அறவழியில் வந்ததா என்று கேட்கவும் சொன்னது. ஆகலின், மக்களை வதைக்கும் அரசுகளோடு வணிகம் செய்யலாமா என்னும் வினா நமக்கு அயலானதன்று.

"வணிகம் வேறு, அறம் வேறு. நாம் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்கிக்கொள்வார்" என்பர் சிலர். இக்கூற்றை நம் மண்ணே ஒருமுறை மறுத்திருக்கிறது. 1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த நாள்களில், ஆங்கிலேயருக்குத் துணைபோனவர்களுக்குப் பணி செய்ய நாவிதரும் சலவைத் தொழிலாளரும் மறுத்தனர். செல்வர் பணத்தை இழக்கத் துணிந்தார். அன்றாடங்காய்ச்சிகள் அன்றைய கூலியை இழக்கத் துணிந்தனர். அவ்வாண்டு மார்ச் 13ஆம் நாள் நெல்லையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரையே இழந்தனர். கொடியவனோடு கொடுக்கல் வாங்கல் இல்லை என்று சொல்வது எளிது. அதற்குரிய விலையைத் தாமே கொடுப்பதுதான் அரிது.

நாடு முழுவதும் அத்தகைய விலையைக் கொடுத்த நிகழ்ச்சியும் உண்டு. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல், சென்னையில் ஏற்றிய ஒப்பந்தக் கூலிகளை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களின் வழிவந்தோரும், பின்னர்ச் சென்ற வணிகரும் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுக்கும் சட்டம் ஒன்றைத் தென்னாப்பிரிக்க அரசு 1946இல் இயற்றியது. அங்குள்ள இந்தியரின் தூதுக்குழு இங்கு வந்து, அந்நாட்டோடு வணிகத்தை நிறுத்துமாறு வேண்டியது. அவ்வாண்டு ஜூலையில் இந்தியா வணிக உறவை முறித்துக்கொண்டது. அப்போது நம் ஏற்றுமதியில் ஏறத்தாழ 5 விழுக்காடு அந்நாட்டுக்குச் சென்றுகொண்டிருந்தது. உலகில் இம்முடிவை முதலில் எடுத்த நாடு, தானே இன்னும் விடுதலை பெறாத நாடு! 1959இல் ஆல்பர்ட் லுதூலி போன்ற கறுப்பினத் தலைவர்களும் உலகை நோக்கி இதே வேண்டுகோளை விடுத்தனர். 1962இல் ஐ.நா. பொதுச்சபையும் அவ்வாறே பரிந்துரைத்தது. 1993இல் நெல்சன் மண்டேலாவே ஐ.நா. மன்றத்தில் நின்று, இனித் தடைகளை நீக்கலாம் என்றார். அவ்வாண்டில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மீண்டும் உறவு பூண்டன. தடையைக் கேட்டவர்களும் துன்புற்றவர்களே. அதை விலக்கச் சொன்னவர்களும் துன்புற்றவர்களே. இது கருதத்தக்கது.

இதற்கு நேர்மாறானது ஈராக்கின் கதை. 1990 ஆகஸ்டில் ஐ.நா. அந்நாட்டின்மீது முழு வணிகத் தடை விதித்தது. ஆட்சியாளர் அரண்மனையில் நீடித்தார். மருத்துவமனைகளிலோ மருந்து இல்லை. எண்ணெய்க்கு உணவு என்னும் திட்டம் 1996இன் இறுதியில் வந்த பின்னும் மக்களின் துயர் தீரவில்லை. அங்கு ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளை நடத்திய டெனிஸ் ஹாலிடே, இக்கொடுமையைத் தாங்காது 1998இல் பதவி துறந்தார். அறத்தின் பெயரால் செய்யப்படுவன எல்லாம் அறமாகிவிடா என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்விரண்டிலிருந்தும் மூன்று வினாக்களை நாம் வகுத்துக்கொள்ளலாம். நாம் கொடுக்கும் பணம் யார் கையைச் சேர்கிறது? நாம் மறுத்தால் அதன் சுமையை யார் தாங்குவர்? அங்கே துன்புறுவோர் நம்மிடம் கேட்பது என்ன?

இவ்வினாக்களை நம் வீட்டு இட்லியிலிருந்தே தொடங்கலாம். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு மியான்மரிலிருந்து, அதாவது நம் முன்னோர் பர்மா என்றழைத்த நாட்டிலிருந்து, வருகிறது. 2017இல் ரோஹிங்கியா மக்கள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து வங்காளதேசத்துக்கு ஓடினர். 2021 பிப்ரவரி 1ஆம் நாள் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். அவ்வாண்டு ஜூனில், ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் இரண்டரை இலட்சம் டன் உளுந்து வாங்க இந்தியா உடன்பாடு செய்தது. உளுந்தை விளைவிப்பவன் உழவன். நாம் வாங்க மறுத்தால் முதலில் வாடுபவன் அவனே. ஆனால் அந்நாட்டின் 'ஷ்வே' எரிவாயு வயலின் வருவாய் அத்தகையதன்று. அதில் அரசு நிறுவனம் பெறும் பங்கு ஆட்சியைப் பிடித்தவர்களின் கைக்கே செல்கிறது. அவ்வயலில் நம் பொதுத்துறை நிறுவனங்கள் இரண்டும் 2021இல் பங்கு வைத்திருந்தன. உளுந்தையும் எரிவாயுவையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. முன்னதை வாங்கலாம்; பின்னதைக் குறித்துக் கேள்வி எழுப்பியே தீரவேண்டும்.

இனி, நம்மவர் கேட்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பகைநாட்டின் கொடுமையை மட்டும் எடைபோட்டு, நமக்குச் சோறிடும் நாட்டின் குறையைக் காணாதிருப்பது நேர்மையாகுமா? வளைகுடா நாடுகளில் வேலையாளை முதலாளியோடு பிணைக்கும் 'கஃபாலா' முறையால் கடவுச்சீட்டைப் பறிகொடுத்தவர்களும், மாதக்கணக்கில் ஊதியம் கிட்டாதவர்களும் பலர். நாம் அந்நாடுகளைப் புறக்கணித்தால் பட்டினி கிடப்பது அவர்களின் குடும்பமே. ஆனால் புறக்கணியாமை வேறு, வாய்மூடியிருத்தல் வேறு. 2022 உலகக் கால்பந்துப் போட்டியால் உலகின் கண் கத்தார்மீது விழுந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் வற்புறுத்தியது. முதலாளியின் இசைவின்றியே வேலை மாறலாம் என்று கத்தார் 2020இல் சட்டத்தைத் திருத்தியது. உறவை முறிக்காமலே கேட்டுப் பெற்ற நன்மை இது.

அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கவே திருக்குர்ஆனில் தனி அத்தியாயம் ஒன்று (83) உண்டு. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகவும், பிறர்க்கு அளக்கும்போது குறைவாகவும் அளப்பவரை அது சாடுகிறது. வள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தில்தான் துலாக்கோலையும் வணிகர்க்குரிய நெறியையும் சேர்த்து வைத்தார். உளுந்துக்கும் உப்புக்கும் உரிய அந்த நேர்மை, நாடுகளின் நன்மை தீமைகளை நிறுப்பதற்கும் உரியதே.

வணிகவியல் பயிலும் மாணவர்கள் இலாப நட்டக் கணக்கோடு இம்மூன்று வினாக்களையும் கற்க வேண்டும். நம் பெரியோர்கள் ஓர் இளைஞனைக் கடல்கடந்து அனுப்புமுன், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா, ஒப்பந்தம் கையில் உண்டா என்று கேட்டறிய வேண்டும். வணிகச் சங்கங்கள் தாம் இறக்கும் சரக்கின் பணம் எங்கே போகிறது என்பதை ஆண்டுக்கொருமுறையேனும் கூடிப் பேச வேண்டும். தூத்துக்குடியில் நாவிதரும் சலவைத் தொழிலாளரும் 1908இல் செய்தது இதனினும் கடினமானது. கற்றவர்களும் செல்வர்களும் ஆகிய நாம் இவ்வளவேனும் செய்தல் கடனாகும்.