களம் காணாத வண்டி

பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரில் 24 மணி நேரம் இடைவிடாது நிகழும் மோட்டார் பந்தயத்தில், 1951 முதல் 1957 வரை ஐந்து முறை வாகை சூடியவை ஜாகுவார் வண்டிகள். அப்புகழை மீட்கும்பொருட்டுக் கவென்ட்ரி நகரத்து ஜாகுவார் கம்பெனியார் 1966-இல் ஒரேயொரு வண்டியைச் செய்து முடித்தனர். எக்ஸ்.ஜே.13 என்பது அதன் பெயர். விமானத் தொழிலிற் பயின்ற மால்கம் சேயர் அதன் உடலை வகுத்தார். 12 ஸிலிண்டர்களும் ஏறக்குறைய 500 குதிரைத் திறனும் உடைய 5 லிட்டர் யந்திரம் ஓட்டுபவரின் முதுகுப்புறத்தே அமைந்தது.

அவ்வண்டி பந்தயத்திற்குச் செல்லவேயில்லை. அவ்வாண்டு அமெரிக்க ஃபோர்டு கம்பெனியார் 7 லிட்டர் வண்டிகளால் முதல் மூன்று இடங்களையும் கைப்பற்றினர்; அவரோடு பொருதல் வீண் செலவாதலின், தலைவர் ஸர் வில்லியம் லயன்ஸ் தயங்கியது விவேகமே என்பர் சிலர். யாம் அதற்கு உடன்படோம். தோல்வி நேரினும் நேர்க. நள்ளிரவில் எது முறியும், எது தாங்கும் என்பதைப் பந்தயமன்றி வேறெது காட்டும்? 1967-இல்தான் அது பரீட்சைக்கு வந்தது. டேவிட் ஹாப்ஸ் மணிக்கு 161 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் பரீட்சைப் பாதையைச் சுற்றினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1968 முதல் இத்தகைய தனி வண்டிகளுக்கு 3 லிட்டரே வரம்பென விதி பிறந்தது.

லெ மானுக்கு அனுப்பத் துணியாதவர், 1971-இல் வேறொரு வண்டியின் விளம்பரப் படத்திற்காக அதனை விரைந்தோட்டத் துணிந்தனர்! சக்கரம் முறிந்தது, வண்டி உருண்டு சிதைந்தது, ஓட்டிய நார்மன் டூயிஸ் உயிர் தப்பினார். பின்னர் அதனைச் செப்பனிட்டனர்; ஆயினும் புதிய உடல் பழையதனோடு முற்றும் ஒவ்வாது.