கல்லில் நூற்ற கம்பளி

கல்லை நூலாக நூற்க முடியுமா?

முடியும்!

ஹவாய்த் தீவில் கிலாவேயா என்ற எரிமலை இருக்கிறது. அது கக்கும் பாறைக் குழம்பு காற்றில் இழுபட்டு, தலைமயிர் போன்ற இழைகளாக விழும். அதற்கு "பெலே தேவியின் கூந்தல்" என்று பெயர்.

எரிமலை செய்வதை ஆலைகளும் செய்கின்றன. பாறையை சுமார் 1,500 டிகிரி வெப்பத்தில் உருக்கி, சுழலும் சக்கரங்களில் ஊற்றுகிறார்கள். பஞ்சு மிட்டாய் போல இழை இழையாகப் பறக்கிறது. அதை அழுத்திப் பலகை ஆக்குகிறார்கள்.

குளிர் நாடுகளில் இந்தப் பலகையைச் சுவருக்குள் வைத்து வீடு கட்டுகிறார்கள். இழைகளுக்கு நடுவே காற்று சிறைப்பட்டு நிற்கிறது. அதனால் வீட்டுச் சூடு எளிதில் வெளியே போகாது. அடுத்த வீட்டுச் சத்தமும் குறையும்.

இன்னொரு பெரிய குணமும் உண்டு. இந்தக் கல் கம்பளி தீயில் எரியாது.

பிளாஸ்டிக் நுரைப் பலகையும் குளிரைத் தடுக்கும். மெல்லியதாகவும் இருக்கும். ஆனால், எரியும்!

லண்டனில் கிரென்பெல் என்ற 24 மாடிக் குடியிருப்பின் வெளிச்சுவரில் நுரைப் பலகை வைத்தார்கள். அதன்மேல் துத்தநாகத் தகடு போடத்தான் முதலில் எண்ணம். செலவைக் குறைப்பதற்காக, உள்ளே பிளாஸ்டிக் அடைத்த அலுமினியத் தகட்டைப் போட்டார்கள்.

2017 ஜூன் 14 அன்று ஒரு வீட்டுச் சமையல் அறையில் பிடித்த தீ, அந்தச் சுவர் வழியாக உச்சி வரை ஏறியது. 72 பேர் மாண்டார்கள்.

18 மீட்டருக்கு மேல் உயரமான புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள் கூடாது என்று 2018-ல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். 72 உயிர் போன பிறகு வந்த சட்டம்!

சுவருக்குள் இருப்பது குடியிருப்பவருக்குத் தெரியாது. கட்டுகிறவருக்குத் தெரியும். "குளிரைத் தடுக்குமா?" என்று கேட்டால் மட்டும் போதாது. "தீயைத் தாங்குமா?" என்று முதலில் கேட்கவேண்டும்.