பிரேக் இல்லாத சைக்கிளும் ஒரு லாக்ரிங்கும்

மக்களே, ஒரு மேப்பை எடுத்து வேலப்பன்சாவடியில காம்பஸ் முனையை வச்சு ஒரு சின்ன வட்டம் போடுங்க. அம்பத்தூர் உள்ளே வரும். அங்கதான் 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சாங்க. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் நம்ம வீட்டு வாசலுக்கு வந்தது அந்த வழியாத்தான். ஆவடியும் வரும். 1955-ல் தொடங்கின ட்யூப் ப்ராடக்ட்ஸ் அங்க. மறுபடி அம்பத்தூர், 1960-ல் டிஐ டைமண்ட் செயின். ஆக குழாய், செயின், முழு சைக்கிள் மூணுக்கும் பேர் போன ஏரியா இது.

இப்ப இதே வட்டத்துக்குள்ள கடை கடையா ஏறி "டிராக் சைக்கிளுக்கு 15 பல் காக், கூடவே லாக்ரிங் வேணும்"னு கேட்டுப் பாருங்க. கடைக்காரர் நம்மளை ஒரு பார்வை பார்ப்பார். "ஃப்ரீவீல் தரவா தம்பி?"ம்பார். ரத்தன் பஜார் வரைக்கும் போனாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டிராக் சைக்கிள்னா வெலோட்ரோம்ல, சாய்வான வட்டப் பாதையில ஓட்டறது. ஒரே கியர், பிரேக் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுத்தற வரைக்கும் காலும் சுத்தணும். வேகத்தைக் குறைக்கணும்னா காலாலதான் எதிர்த்து அழுத்தணும். அதாவது அந்த சைக்கிளுக்கு பிரேக்கே பின் சக்கரத்துல இருக்கிற பல் சக்கரம்தான்.

இதெல்லாம் யாருக்கு வேணும்னு கேப்பீங்க. மேலக்கோட்டையூர்ல, தமிழ்நாடு உடற்கல்வியியல் பல்கலைக்கழக வளாகத்துல வெலோட்ரோம் இருக்கு. 2024 ஜனவரியில நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியோட டிராக் பந்தயங்கள் அங்கதான் நடந்துச்சு. அந்தமான் நிக்கோபார்லேர்ந்து வந்த ஈசோ ஆல்பன் 2018-ல் ஜூனியர் உலகப் போட்டியில கெய்ரின் வெள்ளி வாங்கினார். அடுத்த வருஷமே நம்ம பசங்க டீம் ஸ்பிரிண்ட்ல ஜூனியர் உலகத் தங்கத்தையே தூக்கினாங்க. இதைப் பார்த்துட்டு திருவேற்காட்டுலயோ பூந்தமல்லியிலயோ ஒரு பையன் "எனக்கும் அது வேணும்"னு வீட்டுல கேட்டா அது தப்பா?

தப்பில்ல. ஆனா அடுத்து நடக்கிறதுதான் வயித்தைக் கலக்குது. அப்பா பழைய ரோடு சைக்கிள் ஒண்ணைப் பிடிப்பார். தெருமுனை வெல்டிங் கடையில ஃப்ரீவீலை பத்த வச்சுடுவாங்க. "பாருங்க சார், ஃபிக்ஸட் ஆயிடுச்சு!"

ஆகல சாமி. முன்னாடி மிதிக்கும்போது மரை இறுகும், சரி. எதிர்த்து அழுத்தும்போது அதே மரை கழறும். வெல்டு தாங்கினாலும் ஃப்ரீவீல் மொத்தமா ஹப்பை விட்டுக் கழண்டு வரும். அது வர்ற நேரம் பையன் வேகத்தைக் குறைக்கப் பார்க்கிற நேரம். பிரேக்கும் இல்ல. பக்கத்துல இன்னும் நாலு பசங்க ஓட்டிட்டு இருப்பாங்க.

நிஜ டிராக் ஹப்புல ரெண்டு மரை இருக்கும். உள்ளே காக்குக்கு வழக்கமான மரை. வெளியே லாக்ரிங்குக்கு உல்ட்டா மரை, நம்ம இடது பெடல்ல இருக்கே அதே மாதிரி. காக் கழறப் பார்த்தா லாக்ரிங் இறுகும். இதுல வில்லங்கம் என்னன்னா, சாதா ஃப்ரீவீல் ஹப்புலயும் காக் அழகா ஏறி உக்காந்துக்கும். ஆனா லாக்ரிங்குக்கு படிக்கட்டே இருக்காது. கண்ணுக்கு எல்லாம் சரியாத் தெரியும். அதான் ஆபத்து.

அதனால காசு எங்க போகணும்னு என் கட்சி இது:

1. முதல் காசு பின் சக்கரத்துக்கு. டிராக் ஹப், காக், லாக்ரிங். இதுல பேரமே கிடையாது.

2. அடுத்தது கியர். முன்னாடி 48, பின்னாடி 15 பல்லுன்னா ஒரு மிதிக்கு 3.2 சுத்து. சக்கரச் சுற்றளவு தோராயமா 2.1 மீட்டர்னா 6.7 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 90 மிதி மிதிச்சா மணிக்கு 36 கிலோமீட்டர். கத்துக்க இது போதும். பெரிய வீரன் போடற கியரை முதல் நாளே போட்டா முட்டிதான் போகும். கூடுதலா 14, 16 பல் காக் ரெண்டு வாங்கி வச்சா ஒரு சீசனையே ஓட்டிடலாம்.

3. கிராங்க் 165 மில்லிமீட்டர். நீளமா போட்டா சாய்வுல பெடல் தரையில உரசும். ரோடு ஃப்ரேம்ல கிராங்க் உக்கார்ற இடமே தாழ்வா இருக்கும். அதான் ரோடு ஃப்ரேமை மாத்தி ஓட்டறதை நான் ஆதரிக்கல.

4. கார்பன் ஃப்ரேம் கடைசி. யாரோ ஓட்டி, விழுந்து, பெயிண்ட் அடிச்சு வித்த கார்பனை ஃபோட்டோ பார்த்து வாங்காதீங்க. உள்ளே விரிசல் இருந்தா வெளியே தெரியாது. ஜப்பான்ல பணம் கட்டி ஆடற கெய்ரின் பந்தயமே இரும்பு ஃப்ரேம்லதான் வளர்ந்துச்சு. நம்ம பையனுக்கு இரும்பு கேவலமில்ல.

சரி, விலை? சைக்கிளுக்கும் பார்ட்ஸுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதமா இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆச்சு. 10,000 ரூபா சாமானுக்கு 700 ரூபா மிச்சம். நல்லதுதான். ஆனா வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சா சுங்க வரி தனி, கூரியர் தனி. அந்த ஜிஎஸ்டியையே சுங்க வரியையும் சேர்த்த தொகை மேலதான் போடறாங்க. ஒரு கைப்பிடி இரும்புக்கு ஒரு குடும்பம் இவ்வளவு மல்லுக்கட்டணுமா?

என் கேள்வியே அதுதான். பையன் விளையாட்டுல நிப்பானா மாட்டானான்னு தெரியாம அப்பா எதுக்கு முழு சைக்கிளையும் வாங்கணும்? நீச்சல் குளத்துல தண்ணிய வீட்டுலேர்ந்தா கொண்டு போறோம்? வெலோட்ரோம் எங்க இருக்கோ அங்கயே பல சைஸ்ல இருபது இரும்பு டிராக் சைக்கிள், ஒரு அலமாரி நிறைய காக், செயின்வீல், லாக்ரிங், அதைச் சரியா மாட்டத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக். இவ்வளவு போதும். நம்ம ஏரியாப் பையன் பைபாஸ் பிடிச்சு வண்டலூர் வழியா முப்பது கிலோமீட்டருக்கு மேல போகணும். சைக்கிளையும் தூக்கிட்டுப் போகணும்னா வேன் வாடகையே ஆளைச் சாப்பிட்டுடும்.

"இதுக்கு மார்க்கெட் இல்ல சார்"னு கம்பெனிக்காரங்க சொல்வாங்க. ஒத்துக்கறேன். தனித்தனியா கேட்டா இல்லதான். ஆனா ஒரு வெலோட்ரோம் மொத்தமா கேட்டா அது ஆர்டர். அப்புறம் ஒரு சுவாரசியம். ஹெர்குலிஸ் மாதிரி சாதா சைக்கிள்ல ஓடற அரை இன்ச், 1/8 இன்ச் செயின்தான் டிராக் சைக்கிளுக்கும் அளவு. தரம் வேற, அளவு ஒண்ணுதான். குழாயும் செயினும் செஞ்ச ஊருக்கு ஒரு பல் சக்கரமும் உல்ட்டா மரை வளையமும் ராக்கெட் விஞ்ஞானமா என்ன? :-)

அதுவரைக்கும் அப்பாக்களுக்கு ஒண்ணே ஒண்ணு. வெல்டிங் கடைக்குப் போகாதீங்க. லாக்ரிங் கிடைக்கலன்னா காத்திருங்க. பையன் ஆறு மாசம் லேட்டா ஆரம்பிச்சா ஒண்ணும் குடி முழுகிடாது.

டிஸ்கி: டிராக் சைக்கிளை பூந்தமல்லி ஹைரோட்டுல ஸ்டைலா ஓட்டலாம்னு நினைக்கிற தம்பிகளே, முன் சக்கரத்துக்கு ஒரு பிரேக் மாட்டிட்டு வாங்க. தண்ணி லாரிக்கு உங்க கியர் கணக்கெல்லாம் புரியாது.