டப்பாவுக்குக் காசா, கண்ணாடிக்குக் காசா?

நல்ல பைனாகுலர் ஒண்ணு வாங்கணும்னு பறவை பார்க்கப் போற பெருசுங்க யார்கிட்டயாவது யோசனை கேட்டுப் பாருங்க. ரெண்டு பதில்தான் வரும். "வாங்கினா ஸ்வரோவ்ஸ்கி, இல்லாட்டி ஸைஸ், லைக்கா. அதுவும் புதுசா, பில்லோட, வாரண்டியோட வாங்கு தம்பி." இது முதல் பதில். "அவ்வளவு முடியாதா? அப்ப கொஞ்ச நாள் பொறுத்துக்க, வேலைக்குப் போனதும் வாங்கிக்க." இது ரெண்டாவது. ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒண்ணு இருக்கு: பழசு. அதைச் சொன்னா மட்டும் மூஞ்சி சுளிக்குது. "செகண்ட் ஹேண்டா? ஐயையோ, உள்ள என்ன இருக்கோ, எவன் கீழ போட்டானோ!"

இந்த 'ஐயையோ'வை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். இந்த மேல்தட்டுக் கண்ணாடிகள் எல்லாமே பறவைக்காரனுக்காகப் பிறந்தது இல்லை. பல மாடல் வேட்டைக்காரனுக்காகச் செஞ்சது. ஐரோப்பாவுல அந்தி சாயுற நேரத்துல மரத்து மேல பரண் போட்டு உட்கார்ந்து மானுக்கும் பன்றிக்கும் காத்திருக்கறவனுக்கு இருட்டுல தெரியணும். அதுக்குத்தான் 8×56ன்னு அண்டா சைஸ்ல ஒரு மாடல். 56ஐ 8ஆல வகுத்தா 7. அதாவது கண்ணுக்கு வர்ற ஒளி வட்டம் 7 மில்லிமீட்டர். இள வயசுக் கண்ணு இருட்டுல ஏறக்குறைய அவ்வளவுதான் விரியும். நம்ம ஊர்ல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்காரனுக்கு வேலை இல்லை. அதனால அதே கம்பெனி, அதே கண்ணாடி, இங்க கண்மாய்க் கரையில நத்தைகுத்தி நாரை பார்க்குது. நமக்கு 8×56 வேண்டாம், கழுத்து ஒடிஞ்சிரும். 8×42 போதும். 42ஐ 8ஆல வகுத்தா 5.25. மதுரை வெயிலுக்கு அது தாராளம்.

நிற்க. நான் படிக்கறது பி.காம். பைனாகுலர் பத்திப் பேச இவன் யாருன்னு கேட்கறவங்களுக்குப் பதில்: இது முழுக்க முழுக்க எங்க டிபார்ட்மெண்ட் விவகாரம் :-)

தேய்மானம்னு ஒண்ணு படிச்சிருப்போம். மெஷின் வாங்கினா வருஷம் 15 சதவீதம், கம்ப்யூட்டர்னா 40 சதவீதம்னு வருமான வரிக் கணக்குல கழிப்போம். ஏன்? மெஷின் ஓட ஓடத் தேயுது, கம்ப்யூட்டர் பழசாகிப் போகுது. நிலத்துக்கு மட்டும் தேய்மானம் போட மாட்டோம், ஏன்னா அது தேயாது. இப்ப சொல்லுங்க, பைனாகுலர் மெஷினா நிலமா? அதுக்குள்ள மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, சாஃப்ட்வேர் இல்லை. ரெண்டு பக்கமும் சில லென்ஸ், ஒரு ஜோடி பட்டகம், ஃபோகஸ் பண்ண ஒரு திருகு. பத்து வருஷம் அது வழியாப் பார்த்துக்கிட்டே இருந்தாலும் கண்ணாடி தேயப் போறதில்லை. என்னைக் கேட்டா நிலத்துக்குப் பக்கத்து வீடு.

ஆனா சந்தையில விலை விழுது இல்லையா? விழுது. எப்ப விழுதுங்கறதுதான் விஷயம். டப்பாவைப் பிரிச்ச அன்னைக்கு ஒரே அடியா விழுந்துட்டு, அப்புறம் நத்தை மாதிரி நகருது. நகைக்கடைக் கணக்கு தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்லை. புது நகை வாங்கி மறுநாளே விற்கப் போனா செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. எல்லாம் காத்துல போயிரும், தங்கத்துக்கு மட்டும்தான் காசு. பைனாகுலர்லயும் கண்ணாடி தங்கம். டப்பா, பில், பளபளப்பு எல்லாம் செய்கூலி. நம்ம வீட்டு அம்மாக்கள் நகைக்கடையில அரை சதவீத சேதாரத்துக்கு அரை மணி நேரம் சண்டை போடுவாங்க. அவங்க பிள்ளைங்க நாம, கண்ணாடிக்கு மட்டும் கேட்ட செய்கூலியைக் குனிஞ்சு கொடுத்துட்டு வர்றோம்.

வரியை மட்டும் எடுத்துப் பாருங்க. பைனாகுலருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 50,000 ரூபாய்க்குப் புதுசா ஒண்ணு வாங்கினா அதுல 7,627 ரூபாய் வரி. அந்த 7,627 ரூபாய் வழியா ஒரு குருவி கூடத் தெரியாது. ஒரு தனி ஆள் தன்னோட பழசை உங்களுக்குக் கைமாத்தினா இந்த வரி கிடையாது. பழைய சாமான் வியாபாரி கிட்ட வாங்கினாக் கூட, அவர் வாங்கின விலைக்கும் வித்த விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டுற முறை இருக்கு. முதல் ஆள் எல்லா அடியையும் தாங்கிட்டார். ரெண்டாவது ஆளா நிக்கறதுல என்ன கேவலம்?

இப்ப எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். இருக்கறதுலயே பலமானது இதுதான்: "நல்லதா இருந்தா அவன் ஏன் விக்கறான்?" இந்தக் கேள்வியை 1970ல ஜார்ஜ் ஏகர்லாஃப்னு ஒரு பொருளாதாரக்காரர் ஒரு கட்டுரையாவே எழுதி, அதுக்காக 2001ல நோபல் பரிசுல பங்கும் வாங்கிட்டார். பழைய கார்ச் சந்தை பத்தின வாதம் அது. காரோட குறை விக்கறவனுக்குத் தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாது. அதனால வாங்கறவன் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைப்பான், நல்ல கார் வச்சிருக்கவன் கோவிச்சுக்கிட்டுச் சந்தையை விட்டே போயிருவான், கடைசியில நிக்கறது எல்லாம் ஓட்டை உடைசல்.

அருமையான வாதம். ஆனா பைனாகுலருக்கு ரெண்டு இடத்துல இது நொண்டுது. ஒண்ணு, எவனும் பைனாகுலர் கெட்டுப் போச்சேன்னு விக்கறதில்லை. கேமராவுக்கு மாறிட்டான், கல்யாணம் ஆயிருச்சு, குழந்தை பிறந்துருச்சு, பெங்களூருக்குப் போய் ஞாயித்துக்கிழமைகள் எல்லாம் தூக்கத்துக்குப் போயிருச்சு. கெட்டது பொழுதுபோக்கு, பொருள் இல்லை. ரெண்டு, கார் எஞ்சினுக்குள்ள நீங்க எட்டிப் பார்க்க முடியாது, பைனாகுலருக்குள்ள முடியும். அதைச் செஞ்சதே பார்க்கறதுக்குத்தானே!

பத்து நிமிஷம் போதும். தலைகீழாத் திருப்பிப் பிடிச்சு ஒரு பக்கமா செல்போன் டார்ச் அடிங்க. உள்ள சிலந்தி வலை மாதிரி நூல் நூலாத் தெரிஞ்சா அது பூஞ்சை, திருப்பிக் கொடுத்துட்டு நடையைக் கட்டுங்க. நம்ம மதுரை காய்ஞ்ச ஊரு, பூஞ்சைக்குப் பெரிசா தோது இல்லை. கொடைக்கானல்லயோ கடலோரத்துலயோ பல வருஷம் பீரோவுக்குள்ள கிடந்ததுன்னா ரெண்டு தடவை அடிச்சுப் பாருங்க, ஏன்னா பூஞ்சை லென்ஸ் மேல உள்ள பூச்சையே அரிச்சிரும். அடுத்து, தூரத்துல உள்ள செல்போன் டவரையோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையோ பார்த்துக்கிட்டே பைனாகுலரைக் கண்ணுல இருந்து மெதுவா விலக்குங்க. ஒத்தைக் கோடு ரெண்டாப் பிரிஞ்சு மேலயும் கீழயும் போனா, கீழ விழுந்து பட்டகம் நகர்ந்திருக்கு. அதை வாங்கினா தலைவலி இலவசம். கையை நீட்டி வெளிச்சத்துல பிடிச்சா கண்பக்க லென்ஸ்ல தெரியுற ஒளி வட்டம் வட்டமா இருக்கணும், ஓரம் வெட்டுப்பட்டிருந்தா உள்ள மட்டமான பட்டகம். ஓரம் வரைக்கும் கூர்மையாத் தெரியுதான்னு பார்க்க, தெற்குச் சித்திரை வீதியில நின்னு தெற்குக் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் பாருங்க, அதை விடப் பெரிய சோதனைச் சாலை உலகத்துல இல்லை. (போலீஸ்காரர் வந்து என்ன தம்பின்னு கேட்டா நான் பொறுப்பில்லை.)

இன்னும் ஒண்ணு, இது முக்கியம். நேர்க்குழாய் மாதிரி இருக்கற கூரைப் பட்டக மாடல்கள்ல 1988ல ஸைஸ் ஒரு பூச்சைக் கொண்டு வந்தாங்க, ஃபேஸ் கோட்டிங்னு பேரு. அதுக்கு முன்னால வந்த கூரைப் பட்டகம் எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் படம் கொஞ்சம் சாஃப்டாத்தான் இருக்கும். தோள் அகலமா இருக்கற பழைய போரோ மாடலுக்கு இந்தப் பூச்சே தேவையில்லை. அதனால கிழக்கு ஜெர்மனிக் காலத்து ஜெனா 8×30 இன்னைக்கும் உருப்படியா வேலை செய்யுது. பேரைப் பார்த்து மயங்காம வருஷத்தைக் கேளுங்க.

மத்தபடி ரெண்டு இடத்துல நானே புதுசுன்னு சொல்லுவேன். பத்தாயிரத்துக்குக் கீழன்னா புதுசே வாங்குங்க, பழசுல மிச்சமாகறது ஆட்டோ காசு. கையில வாங்கிப் பார்க்க முடியாம, படத்தை மட்டும் நம்பி கூரியர்ல வரவழைக்கறதா இருந்தாலும் புதுசுதான். ஏகர்லாஃப் அங்க ஜெயிச்சிருவார். 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 16வது பிரிவை மெர்க்கண்டைல் லா வகுப்புல தூங்காம கேட்டவங்களுக்குத் தெரியும்: வாங்குபவனே உஷாரா இரு.

வாரண்டி? வாரண்டிங்கறது இன்சூரன்ஸ் பிரீமியம். அதுக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு கேளுங்க, இருக்கா இல்லையான்னு கேட்காதீங்க. இருபதாயிரம் கூடக் கொடுத்து வாரண்டி வாங்கி, அதைப் பயன்படுத்தாமலே பொட்டலத்தோட வச்சிருக்கறவங்கதான் அதிகம்.

எனக்கு உண்மையிலே கோபம் வர்றது இந்த விலைக் கணக்குல இல்லை. 'புதுசு வாங்கு, இல்லாட்டி காத்திரு'ன்னு சொன்னா நம்ம பசங்க காத்திருக்க மாட்டாங்க. ஆன்லைன்ல 60×60ன்னு போட்டு, லென்ஸ் ரத்தச் சிவப்புல மின்னுற ஒண்ணை ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கறாங்க. அந்தச் சிவப்பு என்ன தெரியுமா? வெளிச்சத்துல உள்ள சிவப்பை எல்லாம் வெளியவே திருப்பி அனுப்புது, உள்ள வர்றது பச்சையும் நீலமும். செம்பருந்து கூட சீக்குக்கோழி மாதிரித் தெரியும். நல்ல பூச்சு இல்லாத கண்ணாடியில ஒவ்வொரு பரப்புலயும் 4 சதவீத ஒளி போயிரும். பத்துப் பரப்பு கடந்தா மூணுல ஒரு பங்கு காலி. ரெண்டு ஞாயிறு சாமநத்தம் கண்மாய்ல உள்ளான் கூட்டத்தைப் பார்த்துட்டு, எல்லாம் ஒண்ணு போலவே சாம்பலா இருக்கேன்னு சலிச்சுப் போய் மூணாவது ஞாயிறு கிரிக்கெட் பேட்டைத் தூக்கிடுறான். பறவை பிடிக்கலைன்னு அவன் போகலை, பறவை தெரியலைன்னு போறான்.

அதனால என்ன நஷ்டம்னு கேட்கறவங்க மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்க. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. ஏறக்குறைய 250 பறவை இனம், அதுல லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகுன்னு அறிவிப்புலயே பேர் சொல்லி இருந்தது. 2024 நவம்பர்ல அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம்னு செய்தி வந்துச்சு. ஊர் ஊரா மக்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரில அது ரத்தாச்சு. நிறுத்தினது ஊர்ச் சனம், அதுல சந்தேகமே இல்லை. ஆனா அவங்க பக்கத்து நியாயத்துக்கு அந்த 2022 அறிவிப்பும் ஒரு சாட்சி. பாறை உச்சியில உட்கார்ந்திருக்கறது வல்லூறா வெறும் கரும்பருந்தான்னு யாரோ கீழ நின்னு ஒழுங்கான கண்ணாடியில பார்த்துச் சொன்னாத்தான் அப்படி ஒரு பட்டியலே உருவாகும். அந்த 'யாரோ' எல்லாரும் ரெண்டு லட்ச ரூபாய்க்காரங்களாத்தான் இருக்கணும்னா பட்டியல் ரொம்பச் சின்னதாப் போயிரும். மா.கிருஷ்ணன் பல கேமராக்களோட பாகங்களை ஒட்டுப் போட்டு, அதுக்கு 'சூப்பர் பாண்டரோஸா'ன்னு பேரும் வச்சு யானைகளைப் படம் எடுத்தவர். டப்பாவும் வாரண்டி கார்டும் இருந்தாத்தான் காட்டுக்குப் போவேன்னு அவர் சொல்லலை.

கடைசியா, பீரோவுல நல்ல கண்ணாடியைப் பூட்டி வச்சிருக்கற அண்ணன்மாருக்கு. ரெண்டு வருஷமா எடுக்கலைன்னா அது உங்களுக்கு முடங்கின மூலதனம், பூஞ்சைக்கு வாடகை இல்லாத வீடு. வாங்கின விலையைச் சொல்லி ஆரம்பிக்காதீங்க, இன்னைக்குப் போற விலையைச் சொல்லுங்க. கீழ விழுந்திருந்தா விழுந்ததுன்னு சொல்லிருங்க. பசுமலை, திருப்பரங்குன்றம் பக்கம்னா ஞாயித்துக்கிழமை காலையில தென்கால் கண்மாய்க் கரைக்கே கொண்டு வாங்க. டார்ச் நான் கொண்டு வர்றேன்.