பூவன் பழத்தின் கரும்புள்ளிகள்



இந்த இதழைப் புரட்டுவதற்கு முன் ஒரு பூவன் பழத்தைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். மூன்று அறைகளாகப் பிரிந்த நடுப்பகுதியில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். விதையாகியிருக்க வேண்டியவை அவை. விதையாகாமல் போனதால்தான் நாம் பல்லுக்கு வேலை இல்லாமல் பழம் தின்கிறோம். காட்டு வாழையை உரித்தால் சதையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். வாயில் நிறைவதெல்லாம் கருங்கல் போன்ற விதைகள்.

காட்டு வாழையில் 22 குரோமோசோம்கள்: தாய் வழியில் 11, தந்தை வழியில் 11. பூவனில் 33. மூன்றாவது 11 எங்கிருந்து வந்தது? சூல்முட்டையோ மகரந்தமோ உருவாகும்போது இந்தத் தொகுதி பாதியாகப் பிரிய வேண்டும். அபூர்வமாகச் சில நேரம் பிரியாமல் முழுசாகவே தங்கிவிடும். அப்படி 22-ஐ வைத்துக்கொண்டிருந்த சூல்முட்டையோடு 11 கொண்ட மகரந்தம் சேர்ந்தால் கணக்கு 33 ஆகிவிடும். இதைத்தான் மும்மடியம் என்கிறார்கள். அந்தச் செடி நன்றாகவே வளரும். ஆனால் அதன் அடுத்த தலைமுறைக்கான செல்கள் உருவாகும் நேரத்தில், இரண்டிரண்டாக ஜோடி சேர வேண்டிய குரோமோசோம்கள் மும்மூன்றாக நிற்கும். கோலாட்டத்தில் ஓர் ஆள் மிஞ்சினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். விதை பிடிக்காது. (மகரந்தம் சேராமலே காயில் சதை பிடிக்கும் குணம் வேறு, அது தனி மரபணுக்களின் வேலை. இரண்டும் சேர்ந்து அமைந்தது நம் அதிர்ஷ்டம்.)

நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதையர் இருவர். ஒன்று மூசா அக்குமினேட்டா, சுருக்கமாக ‘ஏ’. மற்றது மூசா பால்பிசியானா, ‘பி’. செவ்வாழையும் ரோபஸ்டாவும் ‘ஏஏஏ’. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாச்சி எல்லாம் ‘ஏஏபி’. மொந்தனும் கற்பூரவல்லியும் ‘ஏபிபி’. வறட்சியைத் தாங்குவதில் இவை இரண்டும் கெட்டிக்கார வாழைகள். அதற்குக் காரணம் அந்த இரட்டைப் ‘பி’தான் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. கற்பூரவல்லியில் எப்போதாவது நறுக்கென்று ஒரு விதை கடிபடுவதும் உண்டு. கன்னியாகுமரி மட்டி வாழை இன்னும் ‘ஏஏ’-வாகவே இருக்கிறது. அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்த எழுத்துகளை ஆய்வகத்தில்தான் படிக்க முடியும் என்று நினைக்க வேண்டாம். 1955-ல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்ற இரு அறிஞர்கள் கண்ணால் பார்த்தே மதிப்பெண் போட 15 அடையாளங்களைக் கொடுத்தார்கள். கொல்லைப்புறத்தில் நீங்களே ஒன்றைப் பார்க்கலாம். இலைக்காம்பின் மேல்பக்கம் வாய்க்கால் போல ஒரு பள்ளம் ஓடும். அதன் விளிம்புகள் விரிந்து திறந்திருந்தால் ‘ஏ’ பக்கம். உள்ளே மடிந்து மூடினாற்போல் இருந்தால் ‘பி’ பக்கம். செவ்வாழையையும் மொந்தனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

வாழைதான் இப்படி என்றில்லை. தாளிக்கிற கடுகும் இரண்டு இனங்கள் கலந்து பிறந்ததுதான். 20 குரோமோசோம் கொண்ட ஒரு செடியும் 16 கொண்ட இன்னொன்றும் சேர்ந்து 36 ஆன பயிர் அது. வெளிநாடுகளில் எண்ணெய்க்காகப் பயிரிடும் ரேப்சீட்டில் 38. அதன் பெற்றோர் டர்னிப் இனமும் முட்டைகோஸ் இனமும். இந்த உறவுமுறையை ஒரு முக்கோணமாக வரைந்து 1935-ல் விளக்கியவர், ஜப்பானில் பிறந்த கொரிய விஞ்ஞானி வூ ஜாங்-சுன். கடுகிலும் ரேப்சீட்டிலும் தொகுதிகள் இரட்டையாக அமைந்தன, ஜோடி குறையவில்லை, ஆகவே விதை பிடித்தது. வாழையில் எண்ணிக்கை ஒற்றைப்படையில் நின்றுவிட்டது.

அதற்குக் கொடுக்கும் விலையும் பெரியது. விதை இல்லையென்றால் பக்கக்கன்றுதான் வழி. ஆக, ஒரு தோட்டத்து ரஸ்தாளிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே செடி. வாடல் நோய்க் கிருமி ஒன்றை வீழ்த்தப் பழகிக்கொண்டால் அத்தனையையும் வீழ்த்திவிடும். ரஸ்தாளி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட விவசாயிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ரோபஸ்டா போன்ற கேவண்டிஷ் வகைகளையே சாய்க்கும் புதிய வாடல் கிருமி பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் வந்துவிட்டது. புதிய ரகம் உருவாக்கலாம் என்றால், விதை பிடிக்காத செடியில் ஒட்டுச்சேர்ப்பது எப்படி? கோவை வேளாண் பல்கலைக்கழகம் காட்டுப் பால்பிசியானாவையும் கதளியையும் துணைக்கு அழைத்து, விருப்பாச்சியின் சுவையை ஒட்டிய கோ 1 ரகத்தைக் கொண்டுவந்தது. திருச்சியில் 1993-ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வாழை வகைகளைச் சேகரித்து வளர்த்துவருகிறது. எல்லாருக்கும் கடைசியில் தேவைப்படுவது விதையுள்ள காட்டு வாழைதான்.

அது எங்கே இருக்கிறது? லிட்டில் அந்தமானின் கிருஷ்ணா நாலா காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையினர் ஒரு வாழையைக் கண்டு, மூசா இண்டந்தமானென்சிஸ் என்ற பெயரில் 2014-ல் உலகுக்கு அறிவித்தார்கள். ஏறத்தாழ 11 மீட்டர் உயரம். குலைத்தண்டே ஒரு மீட்டர் வரும். அந்தத் தீவுகளில் பால்பிசியானாவின் தனி வகை ஒன்றும் இருக்கிறது. பூவனிலுள்ள அந்த ஒற்றைப் ‘பி’க்கு உறவு.

ஆகவே குட்வில் எஸ்டேட்டிலும் மற்ற அந்தமான் ஊர்களிலும் இருக்கும் நம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். காட்டோரத்திலோ ஓடைக்கரையிலோ விதை நிறைந்த வாழையைக் கண்டால், உதவாத வாழை என்று வெட்டிவிடாதீர்கள். பிடுங்கிக்கொண்டும் வர வேண்டாம். இலை, பூ, காய் மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேயரில் தாவரவியல் அளவாய்வுத் துறையின் மண்டல மையமும், மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நமக்கும் ஒரு கடிதம் போடுங்கள், படத்தோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்