5-ம் வகுப்பு வரை காலை உணவு... 6-ம் வகுப்புக்குப் போனால் பசிக்காதா?

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் அக்கா 6-ம் வகுப்பு, தம்பி 3-ம் வகுப்பு படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே வீட்டிலிருந்து ஒன்றாக நடந்து வருகிறார்கள். காலையில் தம்பி தட்டில் சூடாகக் கிச்சடியும் சாம்பாரும் விழும். அக்காவுக்குக் கிடையாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 5-ம் வகுப்போடு முடிந்துவிடுவதுதான் காரணம். மதியச் சத்துணவுக்கு மட்டும் இரண்டு பேரும் தட்டோடு உட்காரலாம். அது 10-ம் வகுப்பு வரை உண்டு.

திட்டம் எதுவரை வந்திருக்கிறது?

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தபோது இது 1,545 பள்ளிகளுக்கான திட்டம். 1.14 லட்சம் குழந்தைகள், 33.56 கோடி ரூபாய் செலவு. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகள், 2025 ஆகஸ்ட் 26-ல் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகள் சேர்ந்தன. இப்போது மொத்தம் சுமார் 20.59 லட்சம் பேர் சாப்பிடுகிறார்கள்.

ஆக, திட்டம் பக்கவாட்டில் நன்றாகவே விரிந்திருக்கிறது. மேல் வகுப்புகளுக்குத்தான் ஏறவில்லை.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. முதல்கட்டப் பள்ளிகளில் மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது.

வெறும் வயிறு என்ன செய்யும்?

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் காலை சாப்பிடாமல் வந்தால், மதிய உணவு வரை பதினாறு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலி. வளரும் பிள்ளையின் மூளைக்குச் சர்க்கரைச் சத்து விடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது குறைந்தால் கவனம் சிதறும், தலை வலிக்கும், சட்டென்று கோபமும் அழுகையும் வரும். வெளியே பார்ப்பவருக்கு அது பசியாகத் தெரியாது. 'சேட்டை', 'மந்தம்', 'படிப்பில் அக்கறை இல்லை' என்றுதான் பெயர் வரும். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிள்ளையே அதை நம்ப ஆரம்பித்துவிடும்.

சின்னப் பிள்ளை 'பசிக்குது மிஸ்' என்று சொல்லிவிடும். பதினோரு வயதில் அப்படி வாய்விட்டுச் சொல்ல வெட்கம் வந்துவிடுகிறது. காலை ஆறு மணிக்கே கூலி வேலைக்குக் கிளம்பும் அம்மாவிடம், சமைக்க நேரமில்லையே என்று கேட்கவும் மனசு வராது. தம்பியைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்குக் கூட்டிவருவதும் பெரும்பாலும் இதே அக்காதான்.

வளர்ச்சிக் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,700 கிலோ கலோரி வேண்டும். 10 முதல் 12 வயதில் சிறுமிக்கு 2,060, சிறுவனுக்கு 2,220.

இரும்புச்சத்தைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிசு. 7-9 வயதில் 15 மில்லிகிராம் போதும். 10-12 வயதுச் சிறுமிக்கு 28 மில்லிகிராம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! உயரம் கிடுகிடுவென்று கூடுவதும், பலருக்கு மாதவிடாய் தொடங்குவதும் இந்த வயதை ஒட்டித்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15-19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அது பதினைந்தாவது பிறந்தநாளில் திடீரென்று வருவதில்லை.

வளரிளம் பருவத்தினருக்குப் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால் சாப்பிட்ட பிறகுதான் தர வேண்டும். உணவு இருந்தால்தான் மாத்திரைக்கும் வேலை.

அப்புறம் ஏன் தயக்கம்?

பணம் முதல் காரணம். பெரிய பிள்ளைக்குச் சின்னப் பிள்ளையின் அளவு போதாது. இப்போது ஒருவருக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது கணக்கு. அதைக் கூட்ட வேண்டும். அடுத்தது நேரம். உயர்நிலைப் பள்ளிக்குப் பல பிள்ளைகள் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். பஸ் தாமதமானால் சாப்பாடும் போச்சு. ருசியும் ஒரு பிரச்சினைதான்: திங்கட்கிழமை அரிசி உப்புமாவை மாற்றி பொங்கல், சாம்பார் தரப்படும் என்று 2025-ல் சட்டமன்றத்திலேயே அறிவிக்க வேண்டி வந்தது.

தெலங்கானா 2023 அக்டோபரில் காலை உணவைத் தொடங்கியபோதே 1 முதல் 10-ம் வகுப்பு வரை என்றுதான் அறிவித்தது. இரண்டே மாதத்தில் அங்கே ஆட்சி மாறியது, பிறகு நடந்தது வேறு கதை. ஆனாலும் மேல் வகுப்புப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்துத் திட்டம் போட முடியும் என்பதற்கு அது ஒரு உதாரணம்.

உயர்நிலைப் பள்ளிகளில் புதிதாக ஏற்பாடு செய்ய நாளாகலாம். நடுநிலைப் பள்ளிகளின் நிலை அப்படியில்லை. அங்கே சின்ன வகுப்புகளுக்குத் தினமும் காலை உணவு வந்துகொண்டுதான் இருக்கிறது. 6, 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அரிசி, பருப்பு, காய்கறி, சமைக்கும் பெண்களுக்குக் கூடுதல் ஊதியம்: அங்கே முக்கியமாகத் தேவைப்படுவது இவ்வளவுதான்.